எழுந்து உட்கார்ந்தால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் சரியாகிவிடுகிறது. எக்கோ நார்மல். என்னவாக இருக்கும்?

களியக்காவிளையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு 70 வயது, கூன் விழுந்திருக்கிறது, இன்ஹேலருக்கும் குணமாகவில்லை என்கிறீர்கள்.

ஆஸ்துமாவிலும் இதயம் பலவீனமானாலும் பெரும்பாலும் படுத்தால் மூச்சு கூடுதலாக முட்டும். அம்மாவுக்கு நேர்மாறு. முதலில் சந்தேகிக்க வேண்டியது பிளாட்டிப்னியா-ஆர்த்தோடியாக்சியா, அதாவது நிமிர்ந்தால் மூச்சு வாங்குவதும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குவதும்.

கருவில் இதயத்தின் மேலறைகளுக்கு நடுச்சுவரில் ஒரு மடல் திறந்திருக்கும். பிறந்தபின் ஒட்டிக்கொள்ள வேண்டியது, ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு முழுதாக ஒட்டுவதில்லை. பலருக்கு ஆயுள் முழுக்கத் தொந்தரவே இராது. பிறகு ஏன் 70 வயதில்? முதுகு கூனி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி நீண்டு விரியும்போது அந்தச் சுவர் இழுபடுகிறது. நிமிர்ந்ததும் மடல் அகலத் திறக்க, கீழிருந்து வரும் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் நேரே அதற்குள் பாய்ந்து, நுரையீரலைத் தொடாமலே உடம்புக்குப் போகிறது. அதனால்தான் மூக்கில் ஆக்சிஜன் வைத்தும் அளவு பெரிதாக ஏறுவதில்லை.

வீட்டிலேயே பாருங்கள். விரல் சூடாக இருக்கட்டும், நகச்சாயம் வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்து 10 நிமிடம் கழித்துப் பல்ஸ் ஆக்சிமீட்டரில் அளவைக் குறியுங்கள். காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து 5 நிமிடம் கழித்து மறுபடி. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தலைசுற்றினால் உடனே படுக்கவைத்துவிடுங்கள். 5 புள்ளிக்கு மேல் இறங்கி, படுத்ததும் ஏறினால் அதை மொபைலில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அது பேசும்.

எக்கோ நார்மல் என்று விட்டுவிடாதீர்கள். அதை ஒருக்களித்துப் படுக்கவைத்துத்தான் எடுப்பார்கள். படுத்தால் அடங்கிவிடும் கசிவு அதில் எப்படித் தெரியும்? "உட்காரவைத்து பப்பிள் எக்கோ எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். 9 மில்லி சலைனும் 1 மில்லி காற்றும் இரண்டு சிரிஞ்சுக்கிடையே நுரைக்க அடித்து நரம்பில் ஏற்றுவார்கள். வலது மேலறை நிறைந்த 3 துடிப்புக்குள் இடப்பக்கம் குமிழி வந்தால் ஓட்டை இதயத்தில். தாமதித்து வந்தால் நுரையீரலில். கல்லீரல் நோயிலும் அப்படி வரும், அதற்கு வழி வேறு.

இதயத்தில்தான் என்றால் பெரும்பாலும் நெஞ்சைத் திறக்க வேண்டாம். தொடை நரம்பு வழியே நிட்டினால் என்ற உலோகக்கலவைக் கம்பியாலான இரட்டைத் தட்டு டிவைஸை வைத்து அடைப்பார்கள். பலருக்கு மேசையிலேயே ஆக்சிஜன் ஏறும். ஆனால் நுரையீரல் ரத்த அழுத்தத்தை முதலில் அளந்தாக வேண்டும். அது மிக அதிகமாக இருந்து ஓட்டையை அடைத்தால் ஆபத்து. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிலையம் உங்களுக்குப் பக்கம்தான்; பழைய ரிப்போர்ட்டுகளையும் டாக்டரின் ரெஃபரல் கடிதத்தையும் கொண்டுபோங்கள். போகும்போது சீட்டை முழுதாகச் சாய்த்துப் படுக்கவைத்துக் கூட்டிப்போங்கள்.

அதுவரை எந்த ஆஸ்பத்திரியில் டிரிப் போட்டாலும் "இதயத்தில் ஓட்டை சந்தேகம், குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் குமிழி மூளைக்குப் போகலாம், கால் நரம்பில் உறைந்த ரத்தக்கட்டியும் அப்படியே. வாய் கோணினாலோ, கை கால் ஒருபக்கம் தளர்ந்தாலோ 108-ஐ அழையுங்கள்.