பழைய சிகரெட் பட அட்டைகளைச் சேகரிப்பதில் அப்படி என்ன இருக்கிறது? புதிதாகத் தொடங்குபவர் எதை வாங்கலாம்?

நம் ஊர்ச் சிறுவர்கள் வட்டம் போட்டு, நடுவில் அடுக்கிவைத்துக் கல்லால் அடித்து ஆடிய சிகரெட் அட்டை, காலிப் பெட்டியின் முகப்பைக் கிழித்து எடுத்தது. நீங்கள் கேட்டிருப்பது அதையல்ல, பெட்டிக்குள் சிகரெட்டோடு இலவசமாக வந்த பட அட்டையை. பெரும்பாலானவை ஏறத்தாழ 68 மி.மீ. நீளமும் 36 மி.மீ. அகலமும் கொண்டவை. முன்பக்கம் வண்ணப் படம் இருக்கும், பின்பக்கம் அதைப் பற்றிப் பொடி எழுத்தில் ஒரு பத்தி. எனக்குப் புகைப்பழக்கம் கிடையாது. ஆனால் இந்த அட்டைகளின் தலைநகரம் என்று சொல்லத்தக்க, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வசிக்கிறேன், பல ஆண்டுகளாக இவற்றைச் சேர்த்தும் வருகிறேன்.

உங்கள் இரண்டு கேள்விக்கும் என் பதில் ஒன்றுதான்: மலிவான தொகுப்பாகப் பார்த்து வாங்குங்கள், வாங்கியதும் பின்பக்கத்தை வாசியுங்கள்.

சிகரெட் அப்போது மெல்லிய காகிதப் பொட்டலத்தில் வந்தது. அது நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு வெற்று அட்டையைச் செருகினார்கள். அந்த வெற்றிடத்தில் படம் அச்சிடும் வழக்கம் அமெரிக்காவில் பிறந்து, 1880களில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் இருந்த ஆலன் அண்ட் கின்டர் நிறுவனத்தின் பறவைகள், கொடிகள், விளையாட்டு வீரர்கள் தொகுப்புகளால் பெரிய மோகமாக வளர்ந்தது. பிரிட்டனில் பிரிஸ்டலின் வில்ஸ், நாட்டிங்ஹாமின் ஜான் பிளேயர் ஆகிய சிகரெட் நிறுவனங்கள் இதைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டன. பெரும்பாலும் ஒரு தொகுப்புக்கு 50 அட்டை. முதல் உலகப் போரின் காகிதப் பஞ்சத்தால் அட்டை வெளியீடு 1917இல் நின்று, 1922இல் மறுபடி தொடங்கி, 1940இல் இரண்டாம் போரோடு முடிந்துபோனது. வாசிப்பதற்கு உகந்தவை இந்த 1922–1940 காலத்து அட்டைகள் என்பது என் கருத்து. கோடிக்கணக்கில் அச்சானதால் அவை இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தில் ஒரு முழுத் தொகுப்பே வாங்கிவிடலாம்.

எந்தத் தொகுப்பு என்றால், நான் முதலில் கைகாட்டுவது வில்ஸ் 1938இல் வெளியிட்ட 'வான்தாக்குதல் முன்னெச்சரிக்கைகள்'. போர் வரப்போகிறது என்ற பயம் நாடெங்கும் பரவிய ஆண்டு அது. பிரிட்டிஷ் உள்துறையின் ஒத்துழைப்போடு வந்த 50 அட்டைகள். வீட்டில் எந்த அறையைப் பதுங்கும் அறையாகத் தேர்ந்தெடுப்பது, விஷவாயு புகாமல் சுவர் விரிசல்களை ஊறவைத்த செய்தித்தாள் கூழால் எப்படி அடைப்பது, கூரையைத் துளைத்து விழுந்த தீக்குண்டை எப்படி அணைப்பது, கைப்பம்பை எப்படி இயக்குவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும். படங்களில் இருப்பவர்கள் சாதாரணக் குடும்பத்து ஆட்கள். கோட்டும் டையுமாக ஒருவர் ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருப்பார், முகத்தில் துளிப் பதற்றம் இருக்காது. இரண்டே ஆண்டில், 1940 நவம்பர் 24 இரவு, இதே பிரிஸ்டலின் நடுப்பகுதி குண்டுவீச்சில் எரிந்தது. அன்று கடைத்தெருவாக இருந்த இடம்தான் இன்று காசில் பார்க் என்ற பூங்கா. அட்டையில் இருந்ததைச் செய்து பார்க்க வேண்டிய நிலை அதை வெளியிட்ட நிறுவனத்தின் சொந்த ஊருக்கே வந்தது. எத்தனை வரலாற்று நூல்கள் வாசித்திருந்தாலும், போருக்கு முந்தைய அந்தக் காத்திருப்பை எனக்குக் காட்டியவை இந்த அட்டைகள்தான்.

படத்துக்காகவே வாங்குவதாக இருந்தால் பிளேயர் 1933இல் வெளியிட்ட 'நன்னீர் மீன்கள்'. பெர்ச் மீனின் முதுகிலிருந்து இறங்கும் கரும்பட்டைகள், சிவந்த துடுப்புகள், செதிலில் படும் ஒளி எல்லாவற்றையும் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய இடத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். பெயரே தெரியாத ஓவியர்கள். இதழ்களுக்கு வரைந்தவர்களுக்குக் கிடைத்த புகழில் சிறு பங்குகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே மனக்குறை.

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். 1914க்கு முந்தைய லித்தோ (கல்லச்சு) அட்டைகளை அதன் கீழே வைத்தால், ஒவ்வொரு நிறமும் தனித்தனிக் கல்லிலிருந்து வந்தது தெரியும். புள்ளிகள் கையால் வைத்தவை, ஆகவே ஒன்றுபோல் ஒன்று இராது. பிற்கால மறுபதிப்பில் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும். அழகைப் பார்ப்பதற்கும் போலியைக் கண்டுபிடிப்பதற்கும் ஒரே கருவி போதும்.

வெளிவராத தொகுப்புகளின் கதைகளும் சுவையானவை. வாட்டர்லூ போரின் நூற்றாண்டான 1915க்கென்று வில்ஸ் ஒரு தொகுப்பு தயாரித்தது. அப்போது பிரான்ஸ் நேச நாடு. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடினால் நன்றாயிருக்குமா? நிறுத்திவிட்டார்கள். அதே போர்க்காலத்தில் இசைமேதைகள் தொகுப்பிலிருந்து ஜெர்மானியர்கள் எட்டுப் பேரை எடுத்துவிட்டு வேறு ஆட்களைச் சேர்த்தார்கள். எட்டாம் எட்வர்டின் வாழ்க்கையைச் சொல்லும் தொகுப்பு தயாராக இருந்தபோது, 1936 டிசம்பரில் மன்னரே முடியைத் துறந்துவிட்டார். அதுவும் கடைக்கு வரவில்லை.

அபூர்வ அட்டைகளைத் துரத்த வேண்டாம் என்பேன். பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் 1909ஆம் ஆண்டுக் காலத்து அட்டை ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. லண்டனின் டாடி நிறுவனத்துக் கோமாளிகள் தொகுப்பில் இருப்பது இருபதே அட்டைகள், அதற்கும் விலை சாமானியர் எட்டாதது. அந்த விலைக்கு வாங்கியவர் அதைப் பெட்டகத்தில்தான் வைப்பார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் எடுத்து வாசிக்க மாட்டார்.

இந்தியத் தொடர்பும் உண்டு. பிரிட்டிஷ் சிப்பாய்கள் விரும்பிப் புகைத்த வில்ஸின் 'சிஸர்ஸ்' பெட்டிகளில் இந்தியாவுக்கென்றே தனி அட்டைகள் வந்தன. இந்தியப் படைப்பிரிவுகள் பற்றிய தொகுப்பு அவற்றில் ஒன்று. கிரிக்கெட் பிரியராக இருந்தால், பிளேயரின் 1930 தொகுப்பில், இங்கிலாந்து அணிக்கு ஆடிய இந்தியரான துலீப்சிங்ஜியைத் தேடுங்கள்.

இத்தனையும் எதற்காக அச்சானது என்பதையும் மறக்கக்கூடாது. கடைவாசலில் நின்று, வெளியே வரும் பெரியவர்களிடம் "அட்டை இருக்கிறதா ஐயா" என்று கேட்ட பிள்ளைகள் ஒரு தலைமுறை முழுக்க உண்டு. மகனின் தொகுப்பு நிறையட்டும் என்று அப்பா அதே சிகரெட்டை வாங்கிக்கொண்டிருப்பார் என்ற கணக்கு நிறுவனங்களுக்கு இருந்தது. இவ்வளவு நல்ல வேலைப்பாடு புகையிலைக்குத் தூண்டிலாகப் போனது வேதனைதான்.

வாங்கும்போது ஒரு யோசனை. 1930களில் அட்டையை ஒட்டிவைக்க ஒரு பென்னிக்கு ஆல்பம் விற்றார்கள். பின்பக்கம் ஒட்டிப்போனால் மதிப்பு போயிற்று என்று தீவிரச் சேகரிப்பாளர்கள் ஒதுக்குவதால், அவை மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் பின்பக்க வாசகத்தை ஆல்பத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் அச்சிட்டிருப்பார்கள். வாசிக்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. உள்ளே ஒட்டியதைப் பிரித்தெடுக்க மட்டும் முயலாதீர்கள். தனி அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், விளிம்பு மடங்கிவிடும். பி.வி.சி. அல்லாத உறைகளில் வையுங்கள். சென்னை போன்ற ஈரக்காற்று ஊர்களில் சிலிக்கா ஜெல் பொட்டலமும் வேண்டும், ராமபாணப் பூச்சிக்கு இந்த அட்டை விருந்து.

செலவே செய்யாமல் பார்க்க வேண்டுமானால், நியூயார்க் பொது நூலகம் தன் ஆரன்ட்ஸ் சேகரிப்பின் அட்டைகளை இணையத்தில் வைத்திருக்கிறது. உலகிலேயே மிகப் பெரியது எட்வர்ட் வார்ட்டன்-டைகர் சேர்த்த பத்து லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகள், இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. நூலகத் தளத்தில் பெரும்பாலும் பின்பக்கப் படமும் சேர்ந்தே வரும், அதையும் திறந்து பாருங்கள்.