மனநோய் வருமுன் தடுக்க மாத்திரை உண்டா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): என் மகனுக்கு 19 வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். நாலைந்து மாதமாக அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறான். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் கேட்கிறது என்கிறான். கொஞ்ச நேரத்தில் "பிரமையா இருக்கும்மா" என்கிறான். நண்பர்களோடு டாகா (கஞ்சா) புகைக்கிறான். என் தம்பி பல வருடமாக மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். இந்த நோயை முன்கூட்டியே தடுக்கும் மருந்து வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் பார்த்தேன். கிடைக்குமா? இல்லையென்றால் தம்பி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? கடையில் விற்கும், கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி (CBD) எண்ணெய் உதவுமா?

பதில்: அம்மா, தம்பியின் மாத்திரையை மகனுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம்.

சைக்கோசிஸ் (நிஜம் எது, பிரமை எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் நிலை; மனச்சிதைவு அதில் ஒரு வகை) வராமல் தடுப்பதற்கென்று அனுமதி பெற்ற மருந்து இன்றுவரை இல்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்கா கோபென்ஃபி என்ற புதிய மருந்தை அனுமதித்தது. அது ஏற்கெனவே மனச்சிதைவு உள்ள பெரியவர்களுக்கானது. உங்கள் மகனுக்கு அல்ல.

தடுப்பு மருந்து ஏன் இன்னும் வரவில்லை என்பதில்தான் உங்களுக்கு ஆறுதலும் இருக்கிறது. நோய் முழுதாக வருவதற்கு முன்பே சில இளைஞர்களிடம் லேசான அறிகுறிகள் தெரியும். மங்கலாகக் குரல் கேட்கும், சந்தேகம் வரும், ஆனால் "இது நிஜமா?" என்று யோசிக்கும் தெளிவும் கூடவே இருக்கும். 1990களில் மெல்போர்னில் பேட்ரிக் மெக்கோரி, அலிசன் யங் குழுவினர் இந்த நிலைக்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார்கள். அதற்குப் பின் பல நாடுகளில் சேர்ந்த கணக்குப்படி, இப்படி இனங்காணப்பட்டவர்களில் மூன்று வருடத்துக்குள் சைக்கோசிஸ் வருவது ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான். எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தால் மற்ற மூன்று பேர் வீணாகப் பக்கவிளைவைச் சுமக்க வேண்டும்.

அந்தச் சுமை சின்னதும் அல்ல. 2006-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்றில், இந்த நிலையில் இருந்த 60 பேரில் ஒரு பகுதியினருக்கு ஓலான்சபின் என்ற மனச்சிதைவு மாத்திரையைக் கொடுத்தார்கள். ஒரே வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக ஒன்பது கிலோ எடை கூடியது. நோய் வருவது குறைந்தது என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. வீட்டுக்கு வீடு சர்க்கரை வியாதி இருக்கும் நம் டர்பன் குடும்பங்களில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

மீன் எண்ணெயின் கதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2010-இல் வியன்னாவில் 81 பேரிடம் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 மாத்திரையைச் சோதித்தபோது அருமையான பலன் தெரிந்தது. உலகமே நம்பிக்கை கொண்டது. பிறகு பல நாடுகளில் 304 பேரிடம் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டபோது மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ஒரு சின்ன ஆய்வை வைத்து வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நான் ஏன் நம்புவதில்லை என்று இப்போது புரியும்.

சரி, சிபிடி எண்ணெய்? இதில் ஆராய்ச்சி உண்மையாகவே நடக்கிறது. லண்டனில் இந்த ஆபத்து நிலையில் இருந்தவர்களுக்கு ஒரே வேளையில் 600 மில்லிகிராம் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள், மாற்றம் தெரிந்தது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டு தலைமையில் பெரிய சோதனை நடக்கிறது. ஆனால் நம் தென்னாப்பிரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கும் புட்டிக்கு ஒரு வரம்பு உண்டு: நாளுக்கு 20 மில்லிகிராம், புட்டி முழுவதற்கும் 600. அதாவது நீங்கள் ஒரு மாதம் கொடுக்கும் புட்டி முழுவதும் அந்த ஆய்வில் ஒரே வேளை. காசுதான் கரையும்.

தடுக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. முதலாவது டாகா. வீரியம் கூடிய வகையை தினமும் புகைப்பவர்களுக்கு, புகைக்காதவர்களைவிட சைக்கோசிஸ் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2019-இல் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. உங்கள் கையில் இருப்பதில் பெரியது இதுதான். அடுத்து, பேச்சுவழிச் சிகிச்சையைக் கேளுங்கள் (ஆங்கிலத்தில் இதன் சுருக்கம் CBT; CBD எண்ணெயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்): எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கப் பழக்குவது அது. பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனைப் பிரிவில் தொடங்கலாம். அல்லது வட்டாரக் கிளினிக்கில் காட்டி மனநல மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். இரவுத் தூக்கத்தைச் சரிசெய்வதும் முக்கியம்.

கோவிலுக்கு நேர்ந்துகொண்டிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் காவடி முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நோய் வந்தால்கூட, சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால் குணம் நன்றாக இருக்கும்.

"பிரமையா இருக்கும்" என்று சொல்வதை மகன் நிறுத்திவிட்டால், குரல் கட்டளை போட்டால், நாள்கணக்கில் தூங்காமலோ சாப்பிடாமலோ இருந்தால், அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அவன் மறுத்தாலும், 2002-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி குடும்பத்தார் விண்ணப்பித்து 72 மணி நேரக் கண்காணிப்பில் வைத்துப் பரிசோதிக்க வழி உண்டு.

போகும்போது தம்பியின் மருந்துப் பெயர்களையும், மகனிடம் மாற்றம் எப்போது தொடங்கியது என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள். டாகாவை மறைக்க வேண்டாம். டாக்டர் போலீஸிடம் சொல்ல மாட்டார். பெரியவர்கள் தனியிடத்தில் புகைப்பது குற்றமில்லை என்று 2018-லேயே அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.