தடைக்காலம் உள்ள வீட்டில் மகளுக்கு எந்தச் சேமிப்புக் கணக்கு?

கேள்வி: ஐயா, வணக்கம். குளச்சலுக்கு அருகே ஒரு கடற்கரை ஊரில் வசிக்கிறோம். கணவர் விசைப்படகில் பங்குக்கு வேலை செய்கிறார். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வருமானம் இருக்காது. மற்ற பத்து மாதங்களில் செலவு போக மாதம் 3,000 ரூபாய் வரை மிச்சம் பிடிக்க முடிகிறது. எங்கள் ஒரே மகளுக்கு 4 வயது முடிந்துவிட்டது. அவளுடைய கல்லூரிப் படிப்புக்கென்று ஒரு கணக்கு தொடங்க நினைக்கிறோம். அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு போதும் என்கிறார் கணவர். உறவுக்காரரான முகவர் ஒருவர் குழந்தைகள் பாலிசிக்கான படிவத்தோடு வந்து போகிறார். வங்கியில் குழந்தைகளுக்கான ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ். வாத்சல்யா நல்லது என்கிறார்கள். மாமியாரோ, தன் பொறுப்பிலேயே பேத்திக்குக் கணக்கு தொடங்குவதாகச் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: சகோதரி, எந்தத் திட்டத்தில் வட்டி அதிகம் என்று நீங்கள் கேட்காமல், உங்கள் வீட்டுக்குப் பணம் வரும் மாதங்களையும் வராத மாதங்களையும் முதலில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கான பதிலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பிள்ளையின் பெயரில் தொடங்கும் கணக்கு நம்முடைய வருமானம் வரும் விதத்துக்குப் பொருந்த வேண்டும். பணம் தேவைப்படும் வயதில் அது கைக்கு வரவும் வேண்டும்.

கணவர் சொல்லும் செல்வமகள் சேமிப்புத் திட்டம் முதல் தேவைக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. 2015-இல் தொடங்கிய இத்திட்டத்தில் 10 வயது நிறைவடையாத பெண் குழந்தைக்குக் கணக்கு தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாயும் அதிகபட்சம் ஒன்றரை லட்சம் ரூபாயும் செலுத்தலாம். மாதாமாதம் கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நல்ல மீன்பாடு கிடைத்த மாதத்தில் 4,000 ரூபாய் போட்டுவிட்டு, ஜூன் முதல் தேதி தொடங்கி ஜூலை முடியும் வரை எதுவும் போடாமல் இருந்தாலும் கணக்குக்கு ஒரு குறையும் வராது. 2024 ஜனவரி முதல் வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு இதை அறிவிக்கிறது என்பதால், அடுத்த இருபது ஆண்டுகளும் இதே வட்டி என்று யாரும் உறுதி கூற முடியாது. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி கணக்கிடப்படுகிறது. ஆகவே பணம் போடும் மாதங்களில் 5-ஆம் தேதிக்குள் போட்டுவிடுங்கள்.

ஒரு குடும்பத்தினர் என்னிடம் கொண்டுவந்து காட்டிய பாஸ்புக் இப்போது நினைவுக்கு வருகிறது. முதல் பக்கத்தில் 2,000, 2,000 என்று பதினோரு வரிகள். அதற்குப் பிறகு வெறும் தாள். ஒரு தடைக்காலத்தில் பணம் கட்ட முடியவில்லை, கணக்கு செத்துப்போயிருக்கும் என்று அவர்களாகவே முடிவுசெய்து, நான்கு ஆண்டுகள் அஞ்சலகப் பக்கமே போகவில்லை. உண்மையில், விட்டுப்போன ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தபட்சத் தொகையான 250 ரூபாயோடு 50 ரூபாய் அபராதம் சேர்த்துக் கட்டினால் கணக்கு பழைய நிலைக்கு வந்துவிடும். தெரியாமல் போனதால் அந்தக் குழந்தை நான்கு ஆண்டுச் சேமிப்பை இழந்தது. உங்களுக்கு அப்படி நேரக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

இனி இரண்டாவது தேவைக்கு வருவோம். இங்கேதான் பலரும் ஏமாற்றம் அடைகிறார்கள். செல்வமகள் கணக்கில் பதினைந்து ஆண்டுகள் பணம் செலுத்த வேண்டும். ஆனால் கணக்கு முதிர்வது தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டுகள் கழித்துத்தான். உங்கள் மகளுக்கு அப்போது 25 வயது. இடையில் அவள் 18 வயதை எட்டிய பிறகு, அல்லது பத்தாம் வகுப்பில் தேறிய பிறகு, மேற்படிப்புக்காக முந்தைய நிதியாண்டு இறுதியில் இருந்த தொகையில் பாதி வரை எடுக்கலாம். கல்லூரிச் சேர்க்கைக் கடிதமோ கட்டண ரசீதோ காட்ட வேண்டும். கேட்கும் கட்டணத்துக்கு மேல் தர மாட்டார்கள். மாதம் 2,000 வீதம் ஆண்டுக்குப் பத்து மாதம் நீங்கள் செலுத்தி, வட்டியும் இதே அளவில் நீடித்தால், அவளுக்குப் 18 வயதாகும்போது கணக்கில் ஏறக்குறைய 5 லட்சம் ரூபாய் இருக்கும். அதில் எடுக்க முடிவது இரண்டரை லட்சம். மீதி வளர்ந்துகொண்டே போகும். முழுவதையும் விட்டுவைத்தால் முதிர்வில் 9 லட்சத்தைத் தாண்டும். 18 வயதுக்குப் பிறகு திருமணத்தை முன்னிட்டும் கணக்கை முடித்துக்கொள்ளலாம். ஆனால், படிப்புக்கென்று நினைத்துப் போட்ட பணத்தில் பாதி, படிப்பு முடிந்த பிறகுதான் கைக்கு வரும் என்பதை இன்றே தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும்.

ஆகவே மிச்சமாகும் 3,000 ரூபாயையும் அதிலேயே போட்டுவிடாமல், 2,000 ரூபாயைச் செல்வமகள் கணக்கிலும், 1,000 ரூபாயை, ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்டில், மாதாமாதம் ஒரு தொகை போடும் எஸ்.ஐ.பி. முறையிலும் போடுங்கள் என்பது என் கருத்து. இந்த ஃபண்டை மகள் பெயரில் தொடங்காமல் உங்கள் பெயரில் தொடங்கி, கணவரை நாமினியாகக் குறிப்பிடுங்கள். குழந்தையின் பெயரில் இருந்தால், அவளுக்குப் 18 வயதாகும்போது புதிதாக அவள் பெயரில் கே.ஒய்.சி. எனும் அடையாளச் சரிபார்ப்பை முடிக்கும் வரை எந்தப் பரிவர்த்தனையும் செய்ய முடியாது; கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய சமயத்தில் அந்தத் தடங்கல் வேண்டாம். பங்குச் சந்தை சார்ந்த முதலீடு என்பதால் சில ஆண்டுகளில் மதிப்பு குறையவும் செய்யும். அதைப் பார்த்துப் பதறி எடுத்துவிடக் கூடாது. பதினான்கு ஆண்டுக் காலம் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கப் போதுமானது. மகள் பத்தாம் வகுப்புக்கு வரும்போது தொடங்கி, சிறிது சிறிதாக எடுத்து வைப்புநிதிக்கு மாற்றிவிடுங்கள். தடைக்காலத்துக்கு முன்பே எஸ்.ஐ.பி.யைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி உண்டா என்று தொடங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் பாலிசியைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. இடையில் பெற்றோர் இறந்துவிட்டால் மீதிப் பிரீமியத்தை நிறுவனமே செலுத்தும் வகைத் திட்டங்கள் அதில் இருக்கின்றன. ஆனாலும் உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இத்தகைய பாலிசிகள் பெரும்பாலும் 5 முதல் 6 சதவீத அளவில்தான் பலன் தருகின்றன. மாதப் பிரீமியம் என்றால் தவணை தவறியபின் கிடைக்கும் அவகாசம் வெறும் பதினைந்து நாள். இரண்டு மாதம் படகு கரையில் நிற்கும் குடும்பத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? முதல் சில ஆண்டுகளில் பாலிசியைக் கைவிட்டால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும். முகவர் உறவுக்காரர் என்பதால் மறுக்கத் தயக்கம் இருக்கும், ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

பாலிசி தரும் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் என்ன பாடுபட்டன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகளின் படிப்புக்கு உண்மையான ஆதாரம் கணவரின் உழைப்புதான் என்பதால், எந்தச் சேமிப்பையும் தொடங்குவதற்கு முன் அவருடைய உயிருக்குக் காப்பீடு வேண்டும். வங்கிக் கணக்கு வழியாகவே கிடைக்கும் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமாவுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய். சுரக்ஷா பீமாவுக்கு 20 ரூபாய். முதலாவது எந்தக் காரணத்தால் மரணம் நேர்ந்தாலும், இரண்டாவது விபத்தில் மரணம் நேர்ந்தால், தலா 2 லட்சம் ரூபாய் தரும். இவற்றுக்கான பணம் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து எடுக்கப்படும். தடைக்காலத்துக்கு முந்தைய அந்த வாரத்தில் கணக்கை வெறுமையாக விடாதீர்கள். இவை போதாது, கடல் தொழில் செய்கிறார் என்பதை மறைக்காமல் எழுதி இறப்பு நேர்ந்தால் மட்டும் தொகை தரும் டேர்ம் காப்பீடு ஒன்றும் எடுங்கள். தொழிலைக் குறிப்பிட்டால் பிரீமியம் கூடுமே என்று மறைப்பது, நாளை காப்பீட்டுத் தொகை கேட்கும்போது உங்களுக்கே எதிராக நிற்கும்.

வங்கியில் சொன்ன என்.பி.எஸ். வாத்சல்யா 2024 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அது மகளின் முதுமைக் கால ஓய்வூதியத்துக்கு விதை போடும் திட்டம். இடையில் படிப்புக்காக எடுக்க முடிவது செலுத்திய தொகையில் 25 சதவீதம்தான். உங்கள் நோக்கம் அதுவல்ல என்பதால் விட்டுவிடலாம். வருமான வரிச் சலுகையையும் கணக்கில் எடுக்க வேண்டாம். உங்கள் வருமானத்துக்கு வரியே வராது.

மீனவர்களுக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் கணவர் சேர்ந்திருக்கிறாரா என்று எழுதவில்லை. உறுப்பினர் 1,500 ரூபாய் செலுத்தினால், அரசின் பங்கும் சேர்ந்து 4,500 ரூபாயாகத் திரும்பக் கிடைக்கிறது. எந்தக் கணக்கும் தராத பலன் இது. சேரவில்லை என்றால் மீன்வளத் துறை அலுவலகத்திலோ உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலோ உடனே விசாரியுங்கள். தடைக்காலச் செலவுக்கு அந்தப் பணம் கைகொடுத்தால், கழுத்தில் கிடப்பதை அடகுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்காது.

கடைசியாக, மாமியாரின் விருப்பம். தாத்தா பாட்டி செல்வமகள் கணக்கைத் தொடங்க, அவர்கள் நீதிமன்றம் ஏற்ற சட்டப்படியான காப்பாளராக இருக்க வேண்டும். பெற்றோர் இருக்கும்போது அதற்கு இடமில்லை. கணவர் பல நாள் கடலில் தங்குபவர் என்பதால் நீங்களே காப்பாளராகத் தொடங்குங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் அட்டை, புகைப்படங்கள் ஆகியவற்றோடு அஞ்சலகத்துக்குப் போகும் நாளில் மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். கணக்கு தொடங்க 250 ரூபாய் போதும். அந்த முதல் 250 ரூபாய் பேத்திக்குப் பாட்டி கொடுப்பதாக இருக்கட்டும்.