சாவி வெளியான பின் பழைய பதிவுகளின் கதி

கேள்வி: ஒரு சிறிய மருத்துவமனைக்கு நோயாளர் பதிவேட்டு மென்பொருள் செய்துகொடுத்துப் பராமரித்து வருகிறோம். பதிவுகள் அனைத்தும் குறியாக்கம் செய்யப்பட்டே கிளவுட் சேமிப்பில் உள்ளன. சென்ற மாதம் எங்கள் ஊழியர் ஒருவர் நிரல்களைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றியபோது, தரவைத் திறக்கும் சாவி இருந்த கோப்பும் சேர்ந்து போய்விட்டது. இரண்டு நாள் கழித்து அதை நீக்கி, புதிய சாவியும் உருவாக்கிவிட்டோம். பழைய பதிவுகள் இனிப் பாதுகாப்பானவைதாமா?
— வாசகர் ஒருவர், கோவை

பதில்: புதிய சாவி, அதைக்கொண்டு பூட்டப்படும் பதிவுகளை மட்டுமே காக்கும். பழைய சாவியால் பூட்டிய பதிவின் நகல் ஏற்கெனவே ஒருவர் கைக்குப் போயிருந்தால், நீங்கள் இங்கே செய்யும் எந்த மாற்றமும் அந்த நகலைத் தொடாது. ஆகவே சாவி வெளியான நாளிலிருந்து யார், எந்தக் கோப்புகளைச் சேமிப்பிலிருந்து இறக்கினார்கள் என்பதை முதலில் கண்டறியுங்கள். அணுகல் பதிவுகள் குறிப்பிட்ட காலத்தில் தாமே அழிந்துவிடக்கூடும் என்பதால் இன்றே அவற்றை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். கோப்பை நீக்கியதோடு சாவியும் மறைந்தது என்று எண்ண வேண்டாம். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் பழைய பதிப்புகள் வரலாற்றில் அப்படியே தங்கியிருக்கும். இத்தகைய சாவிகளைத் தேடி எடுப்பதற்கென்றே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அடுத்து, நீங்கள் மாற்றியது எந்தச் சாவி என்று பாருங்கள். கிளவுட் சேமிப்பில் பொதுவாகத் தரவை ஒரு சாவி பூட்டும். அந்தச் சாவியை ஒரு தலைமைச் சாவி பூட்டும். தலைமைச் சாவியை மட்டும் மாற்றினால் தரவு மீண்டும் குறியாக்கம் ஆகாது. லினக்ஸ் இயங்குதளத்தில் லக்ஸ் என்னும் குறியாக்க முறையில் வட்டைப் பூட்டுவோருக்கும் இதே சிக்கல் உண்டு: கடவுச்சொல்லை மாற்றினாலும் உள்ளிருக்கும் சாவி மாறாது என்பதால், அந்தச் சாவியைப் பூட்டி வைத்திருக்கும் வட்டின் பழைய தலைப்பகுதியை முன்பே நகலெடுத்து வைத்தவருக்குப் பழைய கடவுச்சொல்லே போதும். உங்களிடமிருந்து வெளியானது தரவை நேரடியாகத் திறக்கும் சாவி. எனவே எல்லாப் பதிவுகளையும் அதனால் திறந்து, புதிய சாவியால் மீண்டும் பூட்டி, பழைய பிரதிகளை, குறிப்பாகப் பலரும் மறந்துவிடுகிற காப்புநகல்களை, அழித்தாக வேண்டும்.

இணையத்தில் பயணிக்கும் தரவுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழை, இணைய இணைப்புகளைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2012 முதலே இருந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அது கசியவிட்டது; சர்வரின் தனிச்சாவியையே அவ்வழியே எடுக்க முடியும் என்பது கிளவுட்ஃபிளேர் என்னும் இணையச் சேவை நிறுவனம் நடத்திய பொதுச் சவாலில் சில மணி நேரத்திலேயே மெய்ப்பிக்கப்பட்டது. அத்தகைய சாவி கிடைத்தவர், ஒவ்வோர் இணைப்பின் சாவியும் சர்வரின் அந்தத் தனிச்சாவியையே சார்ந்திருந்த பழைய ஆர்எஸ்ஏ முறையில் நடந்த உரையாடல்களை முன்னரே பதிவுசெய்து வைத்திருந்தால் அவற்றையும் படிக்கலாம். ஒவ்வொரு இணைப்புக்கும் தற்காலிகச் சாவி உருவாக்கி உடனே அழிக்கும் டிஃபி-ஹெல்மன் முறையில் நடந்தவற்றை அதைக்கொண்டு திறக்க இயலாது. 2018இல் வந்த, இணைய இணைப்புகளைப் பூட்டும் நெறிமுறையின் பதிப்பான டிஎல்எஸ் 1.3 அந்தப் பழைய ஆர்எஸ்ஏ முறையை அறவே நீக்கிவிட்டது.

சேமித்த தரவை மீண்டும் திறக்க வேண்டியிருப்பதால் அதன் சாவியை அவ்வாறு அழிக்க முடியாது. அங்குதான், குறியாக்கவியல் அறிஞர் ரொனால்ட் ரிவெஸ்ட் 1997இல் முன்வைத்த 'முழுமையும் அல்லது ஏதுமில்லை' உருமாற்றம் என்னை ஈர்க்கிறது. வழக்கமான குறியாக்கத்தில் சாவி உள்ளவர், தரவின் ஒரு துண்டு கிடைத்தாலும் அதை மட்டும் திறந்து படித்துவிடலாம். இந்த உருமாற்றத்திலோ எல்லாத் துண்டுகளும் சேர்ந்தால்தான் ஒரு துண்டாவது திறக்கும். ரிவெஸ்ட் இதைச் சாவியை ஊகித்துத் தேடுவோரின் வேலையைப் பெருக்குவதற்காக வகுத்தார். பின்னர் வந்த பாஸ்டியன் என்னும் திட்டம் அதே எண்ணத்தைச் சாவி வெளியான நிலைமைக்கென வளர்த்தது: சாவியும், இரண்டைத் தவிர மற்ற எல்லாத் துண்டுகளும் திருடனிடம் இருந்தாலும் அவனால் எதையும் படிக்க முடியாது. துண்டுகளைத் தனித்தனிக் கணக்குகளில், தனித்தனிக் கடவுச்சொற்களுடன் பிரித்து வைத்தால்தான் இதற்குப் பொருள் உண்டு. மறுகுறியாக்கம் செய்யும்போதே இதையும் பரிசீலியுங்கள்.

பதிவுகள் இறக்கப்பட்டதாகத் தெரிந்தால் மருத்துவமனை நிர்வாகத்திடம் மறைக்காதீர்கள். அந்த நோய் விவரங்கள் நம்பி வந்தவர்களுடையவை. தரவுக் கசிவு தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 அன்று அது பிறப்பித்த உத்தரவு. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மாதம் கடந்துவிட்டது.