களி உருண்டையின் அளவில் இருக்கிறது சேதி

உடல் எடை பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் மருத்துவ, உணவியல் குழுவின் பதில்கள். பட்டினி கிடக்கச் சொல்லும் பதில் எதுவும் இதில் இல்லை.

கேள்வி: எனக்கு வயது 42. உயரம் 155 செ.மீ., எடை 78 கிலோ. மதியம் தினமும் கேழ்வரகுக் களிதான், சோறு ராத்திரிக்கு மட்டும். களி சாப்பிட்டால் உடம்பு இறங்கும் என்கிறார்கள். எனக்கு ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறது? (வாசகி, பாப்பாரப்பட்டி)

கேழ்வரகு அருமையான தானியம், அதை விட்டுவிடாதீர்கள். 100 கிராம் மாவில் நார்ச்சத்து சுமார் 11 கிராம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. சுண்ணாம்புச் சத்தும் அரிசியைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் கலோரிக் கணக்கில் இரண்டும் பங்காளிகள். 100 கிராம் கேழ்வரகு மாவில் 320 கலோரி, அரிசியில் 355. பெரிய உருண்டை ஒன்றுக்கு 100 கிராம் மாவும் 25 கிராம் குருணையும் போனால் அதுவே 400 கலோரி. இரண்டு உருண்டை என்றால் 800. குழம்பு கணக்கில் வரவில்லை.

இன்னொன்று, களியை நாம் மெல்வதில்லை. விரலால் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே வழுக்கி விழுங்குகிறோம். இரண்டு உருண்டையும் 5 நிமிடத்தில் உள்ளே போய்விடும். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர 15 முதல் 20 நிமிடம் ஆகும். அதற்குள் தேவைக்கு மேல் போய்விடுகிறது.

செய்ய வேண்டியது இதுதான். மளிகைக் கடையில் 100 கிராம் மாவு நிறுத்து வாங்கி வந்து வீட்டு டம்ளரில் கொட்டுங்கள். மட்டம் வரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இனி களி கிண்டும்போது கைப்பிடிக் கணக்கு வேண்டாம், கோட்டுக் கணக்கு. முதல் 3 வாரம் இரண்டு உருண்டையை ஒன்றரை ஆக்குங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். குறைத்த அரை உருண்டைக்குப் பதில் ஒரு கிண்ணம் கீரைக் கடைசலோ அவரைக்காய்ப் பொரியலோ சேருங்கள். அதை முதலில் சாப்பிட்டுவிட்டுக் களிக்கு வாருங்கள். தொட்டுக்கொள்ள நிலக்கடலைச் சட்னி என்றால் அளவு பார்த்து வையுங்கள். ஒரு கைப்பிடி கடலையிலேயே, அதாவது 30 கிராமில், சுமார் 160 கலோரி இருக்கிறது.

நான்காவது வாரம் எண்ணெய்க்கு வாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் எண்ணெய் போதும். 4 பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் வாங்கினால் ஆளுக்கு 38 கிராம் போகிறது என்று அர்த்தம். ஒரேயடியாகக் குறைத்தால் குழம்பு ருசிக்காது, வீட்டில் சண்டை வரும். இந்த மாதம் நாலரை, அடுத்த மாதம் 4, அதற்கடுத்து மூன்றரை என்று இறங்குங்கள். மாதம் மூன்றரை லிட்டர் என்பது வாரத்துக்கு 800 மி.லி.க்குச் சற்று மேலே. வாரத் தொடக்கத்தில் அந்த அளவைத் தனி பாட்டிலில் ஊற்றி அடுப்பங்கரையில் வையுங்கள். தாளிக்கும்போது பாட்டிலைக் கவிழ்க்காமல் கரண்டியால் எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

அரை உருண்டையில் 200, எண்ணெயில் 100, ஆக நாளுக்கு 300 கலோரி குறைந்தால் ஆரம்ப மாதங்களில் மாதம் ஒரு கிலோ அளவுக்கு இறங்கும். உங்கள் எடையில் 5 சதவீதம் என்பது 4 கிலோ. அந்த 4 கிலோவிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் நல்ல பக்கம் திரும்பத் தொடங்கும். 55 கிலோவுக்கு வர வேண்டும் என்று இப்போதே மனக்கணக்குப் போட வேண்டாம்.

பெரும்பாலோர் வழுக்குவது எங்கே தெரியுமா? மதியம் குறைத்துவிட்டு, சாயந்திரம் 5 மணிப் பசிக்கு 4 நிப்பட்டைத் தின்பது. குறைத்தது அத்தனையும் அங்கே திரும்பி வந்துவிடும். 4 மணிக்கே ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் மோர் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: ஓசூரில் தொழிற்சாலை வேலை. வாரம் மாறி வாரம் நைட் ஷிஃப்ட். வயது 34. சேர்ந்த 6 வருடத்தில் 14 கிலோ ஏறிவிட்டது, முக்கியமாகத் தொப்பை. ஜிம்முக்கு நேரமில்லை. என்ன செய்வது?

ஜிம்மைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு ஷிஃப்டில் எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 5 டீ, ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் என்றால் 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி. கூடவே பிஸ்கெட். முதல் 2 வாரம் எண்ணிக்கையைத் தொடாமல் 'சக்கரை கம்மி' என்று சொல்லி ஒன்றரை ஸ்பூனுக்கு வாருங்கள். அடுத்த 2 வாரம் ஒரு ஸ்பூன். பிறகு 5 டீயை 3 ஆக்குங்கள். நாக்கு பழகிவிடும், ஒரு மாதம் கழித்துப் பழைய டீயைக் குடித்தால் திகட்டும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம், தேன் என்று மாறுவதில் பயன் இல்லை, கலோரி கிட்டத்தட்ட அதேதான்.

நைட் ஷிஃப்டில் உடம்பு தூங்க ஏங்கும் நேரத்தில் பசி போலவே ஒரு உணர்வு வரும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோனும் கூடும். அதனால்தான் விடியற்காலை 3 மணிக்கு பரோட்டா அவ்வளவு இனிக்கிறது. இரவு 10 மணி ஷிஃப்ட் என்றால் எட்டரைக்கு வீட்டிலேயே முழுச் சாப்பாடு. இடைவேளைக்கு 2 அவித்த முட்டை அல்லது ஒரு டப்பா கொள்ளுச் சுண்டல், ஒரு கொய்யா. விடிந்து வீடு திரும்பியதும் 2 இட்லி, உடனே தூக்கம். ஜன்னலுக்குக் கெட்டித் திரை போட்டு, போனை வேறு அறையில் வைத்து 7 மணி நேரம் தூங்குங்கள். இதைச் சாப்பாட்டைப் போலவே முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கம்பெனி பஸ்ஸை ஒரு நிறுத்தம் முன்னாலேயே விட்டு இறங்கி 15 நிமிடம் வேகமாக நடங்கள். போகவர 30 நிமிடம், வாரம் 5 நாள், ஆக 150 நிமிடம். பெரியவர்களுக்குக் குறைந்தபட்சம் அவ்வளவு தேவை. எடையோடு இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். சாப்பாட்டுக்குப் பதில் ஒரு பவுடரைக் கலக்கிக் குடித்தால் மாதம் 8 கிலோ குறையும் என்று தெரிந்த அக்கா விற்கிறார். வாங்கலாமா? (கிருஷ்ணகிரி)

வேண்டாம், தங்கையே. முதல் வாரத்தில் 2, 3 கிலோ இறங்கும், உண்மைதான். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது கரையும்போது தண்ணீரும் போகிறது. அதற்குப் பிறகு இதே வேகத்தில் இறங்கினால் தசையும் சேர்ந்து கரையும். பித்தப்பையில் கல் சேரலாம். 2, 3 மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், அப்போது காரணம் எது என்றே பலருக்குப் புரிவதில்லை. பவுடரை நிறுத்தியதும் பழைய சாப்பாடு, பழைய எடை. வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் போதும். மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது இருந்தால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள், எடை ஏறுவதற்கான காரணமே அதில் இருக்கலாம்.

கேள்வி: மாம்பழ சீசனில் எடை குறைப்பவர்கள் பழத்தைத் தொடவே கூடாதா? (காவேரிப்பட்டணம்)

மாம்பழ ஊரில் இருந்துகொண்டு அப்படி ஒரு தண்டனை எதற்கு? 100 கிராம் சதையில் 60 கலோரி அளவுதான். நடுத்தரப் பழம் ஒன்றில் பாதியை, முழுச் சாப்பாட்டுக்கு மேல் இல்லாமல், காலை 11 மணிக்குத் தனியாகச் சாப்பிடுங்கள். ஜூஸும் சர்க்கரை சேர்த்த கூழும் வேண்டாம். 3 பழம் ஒரு டம்ளரில் இறங்கிவிடும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள், எந்த உணவைக் குறைப்பதற்கு முன்னாலும் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும்.

கேள்வி: வயது 58, எடை 86 கிலோ. நடக்கச் சொல்கிறார்கள். ஆனால் முட்டி வலி, 10 நிமிடம் தாண்டவில்லை. (பாலக்கோடு)

10 நிமிடம் நடக்க முடிகிறதே, அது போதும். காலை 10, மாலை 10, சமதரையில். வாரத்துக்கு 2 நிமிடம் கூட்டுங்கள். எல்லா மாவட்டங்களிலும் அரசு அமைத்திருக்கும் 8 கி.மீ. நடைபாதை இப்போது உங்களுக்கு வேண்டாம். தொடைத் தசை வலுத்தால்தான் முட்டியின் பாரம் குறையும். கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள், காலுக்கு 10 முறை. பழகியபின் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், 8 முறை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் ஏறும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது, அதனால் சிறு இறக்கமும் உங்களுக்குப் பெரிய லாபம்.

குடிக்கும் தண்ணீரையும் கவனியுங்கள். உங்கள் மாவட்டத்தில் பல ஊர்களின் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். வருடக்கணக்கில் குடித்தால் மூட்டு இறுகி வலிக்கும். கொதிக்க வைத்தால் அது போகாது. குடிக்க, சமைக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள். 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டி வீங்கிச் சூடாக இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: 4 மாதத்தில் 5 கிலோ குறைத்தேன். 5 வாரமாக முள் அசையவில்லை. காலையில் கொள்ளுத் தண்ணீர் குடித்தால் கரையுமா? (பென்னாகரம்)

'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொல்லிவைத்தது கொள்ளைச் சாப்பிடுவதற்கு. வேகவைத்த தண்ணீரை மட்டும் குடித்து, 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் உள்ள பயறை மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள். 50 கிராம் கொள்ளை ஊறவைத்து வேகவைத்துச் சுண்டலாகச் சாப்பிட்டால் நெடுநேரம் பசிக்காது, தசையும் காக்கப்படும்.

முள் நிற்பது இயல்பு. 5 கிலோ இலேசான உடம்புக்கு முன்பைவிடக் குறைந்த தீனி போதும். பழைய குறைப்பு இப்போது வரவுக்கும் செலவுக்கும் சரியாகிவிட்டது. அதோடு அளவுகளும் மெல்லத் தளர்ந்திருக்கும். டம்ளர் கோட்டுக்கு மேல் மாவு ஏறியிருக்கிறதா, சந்தை நாளில் பஜ்ஜி சேர்ந்திருக்கிறதா என்று 3 நாள் எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். வாரம் ஒரே நாள், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் எடை பாருங்கள். முந்தின நாள் கருவாடு, ஊறுகாய் சாப்பிட்டிருந்தால் உப்பு தண்ணீரைப் பிடித்து ஒரு கிலோ கூட்டிக் காட்டும். எல்லாம் சரியாக இருந்தால் நடையில் 10 நிமிடம் கூட்டுங்கள், அல்லது ராத்திரிச் சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்யாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். 3 வாரம் கழித்து மறுபடி எடை பாருங்கள். அப்போதும் அசையாமல், கூடவே அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை இருந்தால் தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.