மருமகன் எந்த விசாவில் இருக்கிறார்?

கேள்வி: அமெரிக்காவில் 29 மாநிலங்களில் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போகலாமாம். டெக்சாஸில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் மருமகன், "நானும் ஒன்று வாங்கப்போகிறேன் மாமா, இங்கே யாரும் கேட்கமாட்டார்கள்" என்கிறார். அரசாங்கம் மக்களை இவ்வளவு நம்புவது பெருமைதானே?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: பெருமையை அப்புறம் பார்க்கலாம். முதலில் மருமகன் எந்த விசாவில் இருக்கிறார் என்று கேளுங்கள். எச்-1பி என்கிற தற்காலிக வேலை விசா என்றால், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அங்கே மத்திய சட்டப்படி குற்றம். 15 ஆண்டு வரை சிறை. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. அது தனக்குப் பொருந்துமா என்பதை அவர் வக்கீலிடம் கேட்க வேண்டும், ஆபீஸ் நண்பர்களிடம் அல்ல.

"யாரும் கேட்கமாட்டார்கள்" என்பதும் அரைகுறைத் தகவல்தான். கடையில் வாங்கினால் 4473 என்று ஒரு படிவம் நீட்டுவார்கள். எந்த நாட்டுக் குடிமகன், என்ன விசா என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். பொய் எழுதினால் அது தனிக் குற்றம். தனி ஆளிடம் வாங்கினால் படிவம் இல்லை, உண்மைதான். ஆனால் மாட்டிக்கொண்டால் விசா போகும், வேலை போகும், உங்கள் மகளும் சேர்ந்து பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

சரி, பெருமைக்கு வருவோம். டெக்சாஸில் லைசென்ஸ் வேண்டாம் என்கிற சட்டம் 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. கவர்னர் கிரெக் அபாட் அலமோ கோட்டையில் விழாவே எடுத்தார். தெருவில் நிற்கும் போலீஸ்காரர்களின் மேலதிகாரிகள் பலர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. அந்தச் சட்டப்படி 21 வயது நிரம்பி, சட்டத்தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமல் எடுத்துப் போகலாம்.

அதற்கு முன் லைசென்ஸுக்கு என்ன கேட்டார்கள் தெரியுமா? கைரேகை, 4 முதல் 6 மணி நேர வகுப்பு, ஓர் எழுத்துத் தேர்வு, 3, 7, 15 கஜ தூரங்களில் நின்று 50 குண்டு சுட்டுக் காட்டுவது. வகுப்பில் சொல்லித்தருவது என்ன? எப்போது சுடலாம் என்கிற சட்டம், குழந்தை கைக்கு எட்டாமல் துப்பாக்கியை எங்கே வைப்பது, தகராறு வந்தால் அடிதடி இல்லாமல் பேசித் தீர்ப்பது எப்படி. கடைசிப் பாடம் நம் ஊர் டீக்கடைகளுக்கே தேவை. ஒரு சனிக்கிழமையில் முடிகிற இதைத்தான் பெரிய சுமை என்று தூக்கிப்போட்டார்கள்.

ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். யாருக்கு அனுமதி தருவது என்று அதிகாரி தன் இஷ்டத்துக்கு முடிவு செய்தால் செல்வாக்குள்ளவனுக்குத்தான் கிடைக்கும். மேயரோ போலீஸ் தலைவரோ எழுதித் தர வேண்டும் என்ற ரட்லண்ட் நகர விதியை வெர்மாண்ட் உச்ச நீதிமன்றம் 1903-லேயே செல்லாது என்றது. அந்த மாநிலத்தில் இன்றுவரை லைசென்ஸ் கிடையாது. நியூயார்க்கில் 'தனிக் காரணம்' காட்டினால்தான் அனுமதி என்றிருந்ததை 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் டெக்சாஸில் அந்த வம்பே இல்லையே! 1995-இல் போட்ட சட்டப்படி, தகுதி இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். பயிற்சியும் பின்னணி விசாரணையும் கேட்கிற லைசென்ஸை 2022 தீர்ப்பும் தொடவில்லை.

லைசென்ஸோடு மற்ற விதிகளும் போய்விட்டனவா என்றால், இல்லை. மது விற்பனையில் பாதிக்கு மேல் சம்பாதிக்கும் கடை வாசலில் சிவப்பு எழுத்தில் '51%' என்று பலகை தொங்கும். அங்கே துப்பாக்கியோடு நுழையக் கூடாது. மற்ற கடைக்காரர்களும் வேண்டாம் என்று பலகை வைக்கலாம். அதிலும் லைசென்ஸ் உள்ளவருக்கு ஒரு பலகை, இல்லாதவருக்கு வேறு பலகை. வகுப்புக்கே போகாத ஆளுக்கு இதையெல்லாம் யார் சொல்லித்தருவது?

இதைவிடப் பெரிய வேடிக்கை பள்ளிக்கூட விஷயம். பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு போவது மத்திய சட்டப்படி குற்றம். பள்ளி இருக்கும் மாநிலத்தின் லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. லைசென்ஸ் வேண்டாம் என்று மாநிலம் சொன்னதை நம்பிக் கிளம்பியவருக்கு இல்லை! ஊருக்குள் 1000 அடி கணக்கில் பள்ளிகளைத் தவிர்த்துக் கார் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதனால்தான் டெக்சாஸ் பழைய லைசென்ஸை இன்னும் ஒழிக்கவில்லை. 40 டாலர் கட்டி, வகுப்பில் உட்கார்ந்து, விவரம் தெரிந்தவர்கள் இப்போதும் வாங்குகிறார்கள். எல்லை தாண்டி நியூ மெக்சிகோவில் காரை விட்டு இறங்கினால் அந்த அட்டைதான் செல்லும். மருமகனுக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வந்த பிறகும் ஆசை தீராவிட்டால், அந்த வகுப்பில் போய் உட்காரட்டும். அதுவரை உங்கள் பெருமையை அவரிடம் போனில் சொல்லி உசுப்பேற்றாமல் இருங்கள்.