1957 எனப் போட்ட நீல முத்திரை ஒரு டாலர் நோட்டுக்கு நல்ல விலை கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. இது 'சில்வர் சர்டிபிகேட்'. 1968 ஜூன் வரை இதைக் கொடுத்து வெள்ளி வாங்க முடிந்தது. இன்று வங்கியில் வெறும் ஒரு டாலர்தான். கோடிக்கணக்கில் அச்சானதால் புழங்கிய நோட்டுக்குச் சில டாலருக்கு மேல் தேறாது. பழசு என்பதாலேயே விலை ஏறிவிடாது.

முதலில் வரிசை எண்ணைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் எழுத்துக்குப் பதில் நட்சத்திரம் இருந்தால், அது அச்சில் கெட்டுப்போன தாளுக்கு மாற்றாக வந்தது. விலை கொஞ்சம் கூடும். 00000012 போன்ற மிகச் சிறிய எண்ணோ, எட்டு இலக்கமும் ஒரே இலக்கமாக இருப்பதோ வந்தால் கதையே வேறு.

முத்திரையின் நிறமும் முக்கியம். அதே ஒரு டாலரில் பழுப்பு முத்திரையும் பின்புறம் பெரிதாக 'ஹவாய்' என்ற எழுத்தும் இருந்தால், அது 1942இல் போர்க்கால அவசரத்தில் வெளியிட்டது. புழங்கியதற்கும் கிராக்கி உண்டு.

அடுத்தது நிலை. விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்குத் தப்பிய மடிப்பும் தெரியும். நடுவில் ஒரே ஒரு மடிப்பு விழுந்தாலே 'புழங்காதது' என்ற தகுதி போய்விடும். குண்டூசி குத்திய துளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் தேடுங்கள்.

தயவுசெய்து கழுவவோ இஸ்திரி போடவோ வேண்டாம். தாளின் மொடமொடப்பும் அச்சின் மேடும் போய்விடும். வாங்குபவர் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். பிவிசி உறையும் ஆகாது, நாளடைவில் பிசுபிசுத்து ஒட்டும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறையே நல்லது.

விலைக்கு, கேட்கும் தொகையை விட்டுவிட்டு ஏலத்தில் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள். பிஎம்ஜி போன்ற, நோட்டுக்குத் தரச்சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்பும் கட்டணம், சாதாரண 1957 நோட்டின் விலையையே விழுங்கிவிடும்.